சூட்டிலேயே கலங்கிய டீ

என் கணவர் எனக்கு டீ போட்டுத் தர ஆரம்பித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கல்யாணமான இத்தனை வருடங்களில் தரணிதரன் அடுப்படிக்குள் வந்ததெல்லாம் தீப்பெட்டி தேடித்தான். அருவங்காட்டு வெடிமருந்து ஆலையின் ஆய்வகத்தில் பகல் முழுக்க எதையாவது எடை போட்டு, கரைத்து, வடிகட்டிக்கொண்டிருப்பவர், வீட்டில் ஒரு டம்ளரைக்கூட அலம்பி வைத்ததில்லை. அப்படிப்பட்டவர் அந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் எனக்கு முன்பே எழுந்து, ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, கோப்பையோடு கட்டிலருகே வந்து நின்றார்.

“இந்தா அம்மிணி. உனக்குப் புடிச்சாப்பல பால் ஊத்தாமப் போட்டிருக்கேன்.”

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜெஸிந்தாவிடம் சொன்னபோது அவள் மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

“எங்க வீட்டு ஆளு தண்ணி மோந்து குடுக்கச் சொன்னாக்கூட யூனியன் பேசும். நீங்க குடுத்து வெச்சவங்கக்கா. எதுக்கு மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கீங்க?”

கொடுத்து வைத்தவள்தான். ஆனால் அந்த டீ சரியாக இல்லை.

டீயை ருசிப்பது என் தொழில். கோத்தகிரி சாலையில் இருக்கும் ஒரு டீ பேக்டரியில், ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு லாட்டையும் முதலில் பார்த்து வந்தவள் நான். வெள்ளைக் கிண்ணங்களில் வடித்து, கரண்டியால் எடுத்து, சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் அலசித் துப்புவோம். வீட்டில் துப்ப முடியாது. ஆனால் கோப்பையின் அடியை அப்படியே விட்டுவிடும் பழக்கம் மட்டும் என்னோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது.

அவர் போட்ட டீயில் ஒரு கசப்பு இருந்தது. டீக்கு உரிய கசப்பு இல்லை. டீயின் கசப்பு நாக்கின் ஓரங்களை இறுக்கிவிட்டுப் போய்விடும். இது நடுநாக்கில் உட்கார்ந்து லேசாக எரிந்தது. எரிந்த இடம் பிறகு கிராம்பைக் கடித்தது போல மரத்துப் போனது. அதைவிட என்னை உறுத்தியது அதன் நிறம். நல்ல டீ ஆறும்போது கலங்கும். ஆரஞ்சு கலந்த பால் போல ஒரு மங்கல் வரும். அதை நாங்கள் ‘க்ரீம் ஆகுது’ என்போம். அது தரத்துக்கு அடையாளம். ஆனால் ஆறிய பிறகுதான் அது வரும். இந்த டீ ஆவி பறக்கும்போதே கலங்கியிருந்தது. ஆரஞ்சும் இல்லை, சாம்பல் வெள்ளை.

தவிர, அந்த வருடத்து டீக்கு க்ரீம் ஆகும் யோக்கியதை எங்கே இருந்தது? விலை விழுந்து இரண்டாவது வருடம். பறிக்கும் கூலிக்கே கட்டுபடியாகாது என்று மலைக் கிராமங்களான ஹட்டிகளில் தோட்டத்தை அப்படியே விட்டிருந்தார்கள். செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. பேக்டரி வாசலுக்கு வந்த இலையெல்லாம் முற்றல். இளவட்டங்கள் திருப்பூருக்கு பனியன் தைக்க இறங்கிவிட்டார்கள். அந்த இலையில் வந்த டீயைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் கலங்காது.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவோம். பைப் தண்ணீரை விட்டு ஊற்றுத் தண்ணீர் பிடித்து வைத்தேன். அவர் டீ அப்போதும் கலங்கியது. கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கலங்கியது. டீத்தூளைச் சந்தேகப்பட்டு, அதே டப்பாவிலிருந்து எடுத்து, அதே தண்ணீரில், அதே கோப்பையில் நானே போட்டேன். கண்ணாடி போல நின்றது.

மிச்சம் இருந்தது போட்ட ஆள்தான்.

அதன் பிறகு நான் டீயைக் கவனிப்பதை விட்டுவிட்டு அவரைக் கவனித்தேன். கோப்பையை நான் வாய்க்குக் கொண்டுபோகும்போது அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். கீழே வைக்கும்போது உயர்த்தினார். முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்து வந்ததும் “சாப்பிட்டியா?” என்று கேட்பவர், இப்போது காலையிலேயே “குடிச்சிட்டியா?” என்று கேட்டார். ஒரு மனிதன் தன் மனைவிக்கு எதற்காக ரகசியமாக ஒன்றைக் கலந்து தருவான்? படித்த பத்திரிகைச் செய்திகளெல்லாம் வரிசையாக வந்தன. வேறு பெண்ணா? இன்சூரன்ஸா? அவர் தூங்கும்போது முகத்தைப் பார்த்தேன். விஷம் வைக்கிறவன் வாயைத் திறந்துகொண்டு இப்படிக் குழந்தை போலத் தூங்குவானா? தூங்கலாம். தூங்க முடியாமல் இருந்தது நான்தானே.

அந்த மார்ச் மாதத்திலிருந்தே எனக்குத் தூக்கம் போயிருந்தது. அது டீக்கு முந்தைய கதை. சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

மார்ச்சில் எங்கள் பேக்டரியின் டஸ்ட் டீ ஒரு லாட் என் கிண்ணத்தில் அளவுக்கு மீறிச் சிவந்தது. முற்றல் இலையில் அந்தச் சிவப்பு வராது. ஈரமான வடிகாகிதத்தில் ஒரு சிட்டிகை தூவினேன். பச்சைத் தண்ணீரிலேயே சாயம் வால் வாலாக ஓடியது. காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மானேஜர் விஜயபாஸ்கர் அறைக்குப் போனேன். அவர் வாங்கிப் பார்த்தார். கசக்கிக் கூடையில் போட்டார்.

“ஒண்ணுமே இல்லியேம்மா. வெறுங்காகிதத்தைக் கொண்டு வந்து காட்டறீங்க. வூட்டுல எதாச்சும் பிரச்சினையா?”

மறுநாள் அவரே என் கணவருக்குப் போன் செய்தார். உங்கள் சம்சாரம் சரியாகத் தூங்குவதில்லை போலிருக்கிறது, இல்லாததெல்லாம் தெரிகிறது என்றார். என் கணவர் அவரிடம், “அவ சொல்றத மனசுல வெச்சுக்காதீங்க சார், நான் பாத்துக்கறேன்” என்று சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டேன். என்னை ருசி அறையிலிருந்து இலை எடை போடும் இடத்துக்கு மாற்றினார்கள்.

அதன் பிறகுதான் நிஜமாகவே தூங்காமல் போனேன். படுத்தால் அந்தக் காகிதம் வரும். சில சமயம் அதில் சிவப்பு ஓடும். சில சமயம் வெறும் வெள்ளையாக இருக்கும். எது நான் பார்த்தது என்று எனக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. அந்த லாட்டின் சாம்பிள் பொட்டலம் குன்னூரில் ஏலக் கம்பெனி அலமாரியில் பத்திரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். டீ போர்டு ஆபீஸில் சொன்னால் எடுத்துச் சோதிப்பார்கள். நான் போகவில்லை. மானேஜருக்குப் பயந்து இல்லை. அந்தப் பொட்டலம் சுத்தமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

கோயமுத்தூரில் டாக்டர் கேள்விகளையெல்லாம் என் கணவரைப் பார்த்தே கேட்டார். மாத்திரை எழுதினார். அமிட்ரிப்டிலின். கொஞ்ச நாள் சாப்பிட்டேன். வாய் பஞ்சை அடைத்தது போல வறண்டது. எச்சில் இல்லாத வாயில் ருசி எப்படி நிற்கும்? எனக்கு மிச்சமிருந்தது அந்த நாக்கு ஒன்றுதான். மாத்திரையை நிறுத்தி, அட்டைகளைப் புடவைக்கு அடியில் போட்டேன். அவர் கெஞ்சினார், கத்தினார், பிறகு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். டீ வர ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரம்.

இவ்வளவு வரிசையாகச் சொல்லும்போது எவருக்கும் விளங்கிவிடும். எனக்கு ஏன் உடனே விளங்கவில்லை என்று யோசித்திருக்கிறேன். கணவன் என்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. என்னைக் குணப்படுத்தப் பார்க்கிறான் என்பது தோன்றவே இல்லை.

யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. ஜெஸிந்தாவிடம் மட்டும் ஒருமுறை, “டீயில என்னமோ கலக்கறாரு போலிருக்குது” என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியிலேயே தெரிந்தது, அவள் காதுக்கும் என் வியாதி போயிருக்கிறது. என் சந்தேகத்தைச் சொன்னால் அதுவே என் வியாதிக்குச் சாட்சியாகிவிடும். சொல்லாவிட்டால் தினம் ஒரு கோப்பை.

அவர் பகல் ஷிப்ட் போயிருந்த ஒரு நாள் அலமாரியைத் திறந்தேன். புடவைக்கு அடியில் அட்டைகள் இருந்தன, மாத்திரைகள் இல்லை. அவர் சவர சாமான் டப்பாவில், கறுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பழுப்புச் சீசா இருந்தது. லேபிள் இல்லை. உள்ளே தண்ணீர் போல ஒன்று. வாசனை இல்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன். கசப்பு. எரிச்சல். பிறகு அந்த மரப்பு.

சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நானும் கெமிஸ்ட்ரி படித்தவள்தான். அவர் செய்த வேலை முழுவதையும் அந்தச் சீசாவில் படிக்க முடிந்தது. மாத்திரையின் மேல்பூச்சைச் சுரண்டியிருக்கிறார். பொடித்துத் தண்ணீரில் போட்டிருக்கிறார். மருந்து ஹைட்ரோகுளோரைடு உப்பு. தண்ணீரில் சுலபமாகக் கரைந்துவிடும். கரையாத மாவையும் சுண்ணத்தையும் வடிகாகிதத்தில் நிறுத்தியிருக்கிறார். வெளிச்சம் பட்டால் மருந்து கெடும் என்று பழுப்புச் சீசா, அதன்மேல் கறுப்புக் காகிதம். என்னை ஏமாற்றுவதில் இருந்த அந்த அக்கறை! இத்தனை நாள் வாழ்க்கையில் அவர் எனக்காக இவ்வளவு பொறுமையாக வேறு எதுவும் செய்ததில்லை.

ஒன்றைத்தான் அவர் யோசிக்கவில்லை. தண்ணீரில் கரைத்துப் பார்த்தார், டீயில் பார்க்கவில்லை. டீயில் டானின் இருக்கிறது. இந்த மருந்து போல நைட்ரஜன் சுமந்த காரப் பொருளைக் கண்டால் டானின் கட்டிப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கரையாமல் வெள்ளையாகத் திரளும். காலேஜ் ஆய்வகத்தில் ஆல்கலாய்டைக் கண்டுபிடிக்க டானிக் அமிலம் விட்டுப் பார்த்திருக்கிறோம். அதே கலங்கல்தான் தினமும் காலையில் என் கோப்பையில் மிதந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அதை நிம்மதி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் பார்த்தது இருந்தது. நான் ருசித்தது இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் அடுப்படிக்கு வருமுன் நான் மேஜையைத் தயார் செய்துவிட்டேன். இரண்டு வெள்ளைக் கிண்ணங்கள். ஒரே தூள், ஒரே தண்ணீர். நடுவில் பழுப்புச் சீசா.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“வாங்க. உக்காருங்க,” என்றேன். “இன்னிக்கு நான் போடறேன்.”

“ஜெயா... அது வந்து...”

“முதல்ல பாருங்க.”

இரண்டு கிண்ணத்திலும் டீயை வடித்தேன். இரண்டும் செம்பு நிறத்தில் தெளிந்து நின்றன. ஒன்றில் சீசாவைச் சாய்த்தேன். புகை நுழைந்தது போல வெள்ளை பரவியது. அவர் குனிந்தார். திருட்டு பிடிபட்ட மனிதன் போய், ஆய்வக மனிதன் ஒரு நொடி வந்து எட்டிப் பார்த்ததைக் கவனித்தேன்.

“தண்ணியில போட்டுப் பாத்தனே. கண்ணாடியாட்டம் இருந்துச்சே!”

“நான் தண்ணியவா குடிக்கறேன்?”

“இதென்ன, டானினா?”

“குடிச்சுப் பாருங்க. துப்பிருங்க.”

குடித்தார். முகம் கோணியது. துப்பினார். கொஞ்ச நேரம் கழித்து நாக்கை உள்ளுக்குள் சுழற்றிப் பார்த்துக்கொண்டார்.

“மரத்துப் போச்சுங்களா?”

நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் என்ன பண்ணட்டும் அம்மிணி? நீ தூங்காம ஊட்டுக்குள்ளயே நடந்துட்டுக் கெடந்த. மாத்திரையக் குடுத்தா வேண்டாங்கற. கண்ணு முன்னாடி நீ கரைஞ்சு போறதப் பாத்துட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னாக் குடிச்சிருப்பியா?”

“மாட்டேன்.”

“பின்னே?” அவர் குரல் உயர்ந்தது. “இப்பத் தூங்கற இல்ல? ரெண்டு வாரமா நல்லாத் தூங்கற. அது இந்த மருந்துதான்!”

அது உண்மை. நான் தூங்க ஆரம்பித்திருந்தேன். அவர் கேட்கும் வரை அதை எனக்குள்ளேயே ஒப்புக்கொள்ளாமல் வைத்திருந்தேன். கலங்கிய கிண்ணத்தை மெல்லச் சாய்த்து, மேலே இருந்ததை வடித்துக் காட்டினேன். அடியில் வெள்ளைப் படிவு சேறு போலத் தங்கியிருந்தது.

“நான் எப்பவும் அடிய விட்டுருவேன். உங்களுக்கே தெரியும். தினமும் எனக்குள்ள எத்தனை போச்சு, தொட்டியில எத்தனை போச்சு? சொல்லுங்க. எடை போடற மனுசன்தானுங்களே?”

அவர் படிவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் விடை தெரியாதுதான். மருந்து தூங்க வைத்ததா? அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்ததில் அந்தக் காகிதத்தை மறந்து தூங்கினேனா? யாருக்குத் தெரியும்!

அவர் தலை நிமிர்ந்தார்.

“அப்ப... அந்தக் கலர்? பேக்டரியில?”

“என்னக் கேக்கறீங்க?”

“இல்ல, இத நீ கண்டுபுடிச்சிட்ட. அப்ப அதுவும்...”

மார்ச்சிலிருந்து நான் சொல்லி நம்பாதவர், தான் மாட்டிக்கொண்டதும் நம்பினார். வலித்தது. ஆனாலும் வேண்டாம் என்று தள்ள முடியாத நம்பிக்கை அது.

“மானேஜர்கிட்ட நீங்க சொன்னீங்கல்ல, மனசுல வெச்சுக்காதீங்கன்னு? அதப் போய்த் திருப்பி வாங்கிட்டு வரணும். என் முன்னாடி.”

திங்கட்கிழமை அவர் லீவு போட்டார். விஜயபாஸ்கர் எங்களை உட்காரச் சொல்லி, மின்விசிறியே இல்லாத அறையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சல் சுவர் வழியே வந்தது.

“என்ன சார், அம்மாவுக்கு இப்பத் தேவலைங்களா?”

என் கணவர் தொண்டையைக் கனைத்தார். “அவ நாக்கு சுத்தமா இருக்குதுங்க சார். நானே ஒரு பரிசோதனை பண்ணிப் பாத்தேனுங்க. அவளுக்குத் தெரியாம டீயில ஒரு கெமிக்கல் கலந்து குடுத்தேன். துளி அளவுதான். முதல் வாய்லயே கண்டுபுடிச்சிட்டா. அதனால அவ கலருன்னு சொன்னா, கலர்தானுங்க.”

பரிசோதனை! எவ்வளவு அழகாக மடித்துவிட்டார். அவருடைய திருட்டு அறிவியலாகிவிட்டது. நான் நோயாளி இல்லை என்றும் ஆகிவிட்டது. விஜயபாஸ்கரின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். என் சொல்லுக்கு மறுபடியும் எடை வந்துவிடும். அந்த ஒரு நொடி எனக்கு மிகவும் இனிப்பாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஆனால் பொய்யின் மேல் நின்று என்னை நம்பினால், அந்தப் பொய் கலையும் நாளில் சாயமும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

“பரிசோதனை இல்லீங்க சார்,” என்றேன். “எனக்கு உடம்பு சரியில்லதானுங்க. மனசும்தான். டாக்டர் மாத்திரை குடுத்தாரு. நான் நிறுத்திட்டேன். இவரு அதக் கரைச்சு எனக்குத் தெரியாம டீயில ஊத்திட்டிருந்தாரு. அதத்தான் கண்டுபுடிச்சேன்.”

“ஜெயா!” என்றார் என் கணவர்.

விஜயபாஸ்கருக்கு மூச்சு திரும்பி வந்தது. “அப்ப நான் சொன்னது சரிதானேம்மா. உங்களுக்கு மனசு சரியில்ல.”

“சரியில்லீங்க. நீங்க கலர் போட்டதும் நெசந்தானுங்க. ரெண்டும் நெசம்.”

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், மூடினார், திறந்தார். பிறகு குரலை மிகவும் தாழ்த்தி, தன் தங்கையிடம் பேசுவது போலக் கேட்டார்.

“எந்த லாட்டும்மா அது? நம்பர் ஞாபகமிருக்குதா?”

தெரியாதவன் தெரிந்துகொள்ளக் கேட்டதா, தெரிந்தவன் எனக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்ததா? அவர் கண்களைப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. முன்பாக இருந்தால், பிரிக்க முடியாததே என் குறை என்று வீட்டுக்குப் போய்த் தூங்காமல் நடந்துகொண்டிருப்பேன். இப்போது, சந்தேகம் வருகிற இடத்தில் சந்தேகப்படுவது ஒரு குறை இல்லை என்று பட்டது.

“இருக்குதுங்க,” என்றேன். “குன்னூர் டீ போர்டு ஆபீஸ்ல சொல்லிக்கறேன்.”

வெளியே மழை பிடித்திருந்தது. கேட்டருகே இலை மூட்டைகளோடு நின்றவர்கள் எங்களுக்காகக் கொஞ்சம் ஒதுங்கினார்கள். பஸ் நிறுத்தத்தில் என் கணவர் குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்தப் பொட்டலத்துல ஒண்ணும் இல்லீன்னா?” என்று கேட்டார்.

“இல்லீன்னா இல்ல. அப்ப வந்து மாத்திரைய என் கையால எடுத்துப் போட்டுக்கறேன். தண்ணியில.”

“இருந்துச்சுன்னா?”

“அப்பவும் டாக்டரப் பாக்கத்தான் வேணும். நான் தனியாப் போய்ப் பாக்கறேன். கேள்விய என்கிட்டக் கேக்கட்டும்.”

குன்னூர் பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்தது. அவர் குடையை மடக்கினார், தோள் நனைந்தது.

“நானும் வரட்டுமா அம்மிணி?”

“வாங்க. அங்க வந்து பேசாதீங்க.”